பாட்டை நம்பிப் பிழைக்க வந்தவர்: ஸ்டீபன் ஃபாஸ்டர்

பதினைந்து வருடங்களுக்கு முன்பு இருக்கும். பள்ளியிலிருந்து திரும்பிய என் மகள், சாப்பாட்டு மேசையில் புத்தகப் பையை வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் ரிக்கார்டர் குழலை எடுத்து ஊதத் தொடங்கினாள். இங்கே நான்காம் வகுப்பில் பிள்ளைகளுக்கு அந்தக் குழலைக் கற்றுத் தருகிறார்கள். மூச்சு முட்டி, விட்டு விட்டு வந்தாலும் அது எந்தப் பாட்டு என்று இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிட்டது. ஓ சூசன்னா. திருச்சியில் நான் படித்த பள்ளியில், பாட்டு வகுப்பில் நாற்பது பையன்கள் சேர்ந்து கத்திய பாட்டு.

யார் எழுதியது என்று மகள் கேட்டாள். நாட்டுப்பாடலாக இருக்கும், யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்றேன். நம் தாலாட்டையும் கும்மியையும் போல ஊர்வாயில் தானாக விளைந்தது என்றுதான் அதுநாள்வரை நினைத்திருந்தேன். அவள் இசைத்தாளை நீட்டினாள். மேல் மூலையில் பொடி எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. ஸ்டீபன் ஃபாஸ்டர். பிறகு தேடிப் பார்த்ததில், அவர் நாங்கள் குடியிருக்கும் இந்தப் பிட்ஸ்பர்க் நகரத்துக்காரர் என்றும், அவரைப் புதைத்த இடத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம்தான் ஆகும் என்றும் தெரிந்தது.

எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. கல்லூரி நாட்களில் சினிமாவுக்குப் பாட்டு எழுத வேண்டும் என்று ஆசைப்பட்டவன் நான். அது ஒரு வேலையா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியாமல் கணிப்பொறி படித்து இங்கே வந்து சேர்ந்தேன். அமெரிக்காவில் பாட்டு எழுதுவதை மட்டுமே பிழைப்பாக வைத்துக்கொள்ள முயன்ற முதல் ஆள் என்று ஃபாஸ்டரைச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் கேட்ட கேள்விக்கு அவருடைய வாழ்க்கை என்ன பதில் வைத்திருக்கிறது என்று பார்க்கும் ஆவலில்தான் அவரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

ஃபாஸ்டர் பிறந்தது 1826 ஜூலை 4. அமெரிக்கா சுதந்திரப் பிரகடனம் செய்து சரியாக 50 ஆண்டுகள் நிறைந்த நாள். ஜான் ஆடம்ஸ், தாமஸ் ஜெஃபர்சன் என்ற இரு முன்னாள் குடியரசுத் தலைவர்களும் இறந்தது அதே நாளில்தான். ஊர் லாரன்ஸ்வில். அன்று பிட்ஸ்பர்குக்கு வெளியே இருந்த சிற்றூர், இன்று நகரத்தின் ஒரு பகுதி. தந்தை வில்லியம் ஃபாஸ்டர் வியாபாரி, மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். நிலம் வாங்கி மனை பிரித்து அந்த ஊரையே உண்டாக்கியவர். ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. கட்டிய வீடு கைவிட்டுப் போயிற்று. அதன்பிறகு குடும்பம் வீடு மாறிக்கொண்டே இருந்தது. விட்டுவந்த வீட்டை நினைத்து ஏங்கும் பாட்டுகளை ஃபாஸ்டர் ஏன் அத்தனை எழுதினார் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரிய குடும்பத்தில் கடைக்குட்டியாக வளர்ந்தார். அண்ணன்மார்கள் வியாபாரம், கால்வாய், ரயில் பாதை என்று உருப்படியான வேலைகளுக்குப் போனார்கள். தம்பிக்குப் பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. கல்லூரியில் சேர்ந்து சில நாட்களிலேயே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். ஹென்றி கிளெபர் என்ற ஜெர்மானிய இசை ஆசிரியர் பிட்ஸ்பர்கில் கடை வைத்திருந்தார். முறையான இசைப் பயிற்சி என்றால் அவரிடம் கற்றதுதான். 18 வயதில், 1844இல், வேறொருவர் எழுதிய கவிதைக்கு ஃபாஸ்டர் போட்ட மெட்டு முதன்முதலாக அச்சாயிற்று. பிறகு சொல்லும் மெட்டும் இரண்டும் அவருடையதாகவே வரத் தொடங்கின.

ஆனாலும் சோற்றுக்கு வழி வேண்டுமே. 1846இல் ஒஹாயோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டிக்குப் போய், அண்ணன் டன்னிங்கின் நீராவிப் படகுக் கம்பெனியில் கணக்கு எழுத உட்கார்ந்தார். பகலில் பேரேடு, இரவில் பாட்டு. அங்கே இருந்தபோதுதான் ஓ சூசன்னா வெளியுலகுக்குப் போனது. 1847 செப்டம்பரில் பிட்ஸ்பர்கில் ஓர் ஐஸ்கிரீம் கடையின் மேடையில் அதை முதன்முதலாகப் பாடினார்கள். அடுத்த ஆண்டு அச்சில் வந்தது. ஒரு பதிப்பாளர் அவருக்கு 100 டாலர் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. அவ்வளவுதான். அதற்குள் பல ஊர்ப் பதிப்பாளர்கள் கேட்காமல் கொள்ளாமல் அதை அச்சடித்து விற்றார்கள். 1849இல் கலிபோர்னியாவில் தங்கம் தேடிப் போன கூட்டம் வழியெல்லாம் அதைப் பாடிக்கொண்டு போயிற்று. எழுதியவருக்கு ஒரு செப்புக்காசு வரவில்லை.

ஆனால் அந்த 100 டாலர் அவர் மனதில் ஒரு கதவைத் திறந்துவிட்டது. பாட்டுக்குப் பணம் கொடுக்க ஆள் இருக்கிறது என்றால், அதையே தொழிலாகக் கொள்ளலாமே. 1849இல் நியூயார்க்கின் ஃபர்த் பாண்ட் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் 2 சென்ட். பேரேட்டை மூடிவிட்டு 1850இல் ஊர் திரும்பினார். அந்த ஜூலையில் மருத்துவர் மெக்டவலின் மகள் ஜேனை மணந்தார். அடுத்த ஆண்டு மேரியன் என்ற ஒரே மகள் பிறந்தாள்.

இது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பது இன்று நமக்கு எளிதில் விளங்காது. அப்போது பாட்டு எழுதியவர்கள் பாட்டால் பிழைக்கவில்லை. மேடையில் பாடியோ, பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்தோ, இசைக்கடை வைத்தோ பிழைத்தார்கள். பாட்டு அதற்கு விளம்பரம். ஃபாஸ்டர் மேடை ஏறுகிறவர் அல்ல. வீட்டின் பின்புறத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறவர். இசைத்தட்டு கிடையாது, வானொலி கிடையாது. 1831ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அச்சடித்த இசைத்தாளை மட்டுமே காத்தது. மேடையில் யார் எத்தனை முறை பாடினாலும் எழுதியவர் ஒன்றும் கேட்க முடியாது. கடல் கடந்து அவருடைய பாட்டு போனாலும் காசு வராது. இங்கிலாந்துப் பாட்டுகளை இங்குள்ள பதிப்பாளர்கள் சும்மா அச்சடித்ததால், இவருடைய பாட்டு அந்த ஓசிச் சரக்கோடு கடையில் போட்டியிட வேண்டியிருந்தது.

அவர் சோம்பேறியாகவும் இருக்கவில்லை. 1851 முதல் அவர் எழுதிய வரைவு நோட்டுப் புத்தகம் ஒன்று பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் 1937இல் திறந்த நினைவு மண்டபத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் பக்கம் பக்கமாக அடித்தலும் திருத்தலும். கேட்பதற்கு வாயில் தானாக வந்ததுபோல் இருக்கும் பாட்டுகள் அவை. அந்த எளிமைக்காக மாதக்கணக்கில் உழைத்திருக்கிறார்.

ஸ்வானீ நதியின் கதை இதற்கு நல்ல உதாரணம். ஊரை நினைத்து ஏங்கும் பாட்டு ஒன்றுக்கு, இரண்டு அசையில் ஒரு தென்னாட்டு ஆற்றின் பெயர் வேண்டியிருந்தது. வரைவில் பீ டீ என்ற ஆற்றை எழுதிப் பார்த்தார். காதுக்கு இனிக்கவில்லை. அண்ணன் மோரிசனின் அலுவலகத்துக்குப் போய்க் கேட்க, இருவரும் வரைபடப் புத்தகத்தைப் புரட்டி ஃபுளோரிடாவில் சுவானீ என்ற ஆற்றைக் கண்டுபிடித்தார்கள். ஓர் அசையைக் குறைத்து ஸ்வானீ ஆக்கிவிட்டார். அந்த ஆற்றை அவர் வாழ்நாளில் பார்த்ததே இல்லை. மெட்டுக்கு வார்த்தை தேடி அலைந்த நம் பாடலாசிரியர் எவருக்கும் இதில் வியப்பு இருக்காது. அதே பாட்டை ஃபுளோரிடா 1935இல் தன் மாநிலப் பாடலாக ஏற்றுக்கொண்டது.

ஆனால் 1851இல் அந்தப் பாட்டு அச்சானபோது அட்டையில் அவர் பெயர் இல்லை. எட்வின் கிறிஸ்டி என்ற மேடைக் கம்பெனி முதலாளியின் பெயர் இருந்தது. ஆசிரியர் என்று தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் உரிமையை 15 டாலருக்கு அவர் வாங்கியிருந்தார். பிரதி விற்ற காசு ஃபாஸ்டருக்கு வந்தது உண்மைதான். புகழ் கிறிஸ்டிக்குப் போயிற்று.

ஃபாஸ்டர் ஏன் பெயரை விற்றார் என்ற கேள்வியில்தான் இந்தக் கதையின் கசப்பான பகுதி இருக்கிறது. கிறிஸ்டியின் கம்பெனி போன்றவை நடத்தியது மின்ஸ்ட்ரல் ஆட்டம். வெள்ளைக்காரர்கள் கரித்த தக்கையை முகத்தில் பூசிக்கொண்டு, அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் பேச்சையும் நடையையும் கேலியாக நடித்துக் காட்டும் கூத்து. அன்றைய அமெரிக்காவில் அதுதான் பெரிய கேளிக்கை. ஃபாஸ்டரின் தொடக்கப் பாட்டுகள் பல அதற்காக எழுதியவை. என் மகள் குழலில் ஊதிய பாட்டின் முதல் அச்சில் ஒரு சரணம், கறுப்பின மக்கள் நூற்றுக்கணக்கில் செத்ததைச் சிரிப்புச் செய்தியாகச் சொல்கிறது. பள்ளிகளில் அந்தச் சரணத்தை விட்டுவிட்டார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வெகுநேரம் மனம் சரியாக இல்லை.

மரியாதைப்பட்ட குடும்பங்களில் அந்தக் கூத்துப் பாட்டுக்கு மதிப்பு கிடையாது. வரவேற்பறைப் பாட்டுகளையும் எழுதிப் பெயர் எடுக்க நினைத்த ஃபாஸ்டர், கூத்துப் பாட்டில் தன் பெயர் வேண்டாம் என்று முதலில் ஒதுங்கினார். ஆனால் அந்தப் பாட்டு ஒரு லட்சம் பிரதிகளைத் தாண்டி ஓடியது. 1852 மே மாதம் கிறிஸ்டிக்குக் கடிதம் எழுதி, இனி வெட்கப்படாமல் இந்தத் துறையிலேயே ஈடுபடப் போவதாகவும், தன் பெயரைத் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டார். கிறிஸ்டி இணங்கவில்லை. 1879இல் முதல் காப்புரிமைக் காலம் முடியும்வரை, அதாவது 28 ஆண்டுகள், அட்டையில் கிறிஸ்டியின் பெயரே நின்றது. அதற்குள் ஃபாஸ்டர் இறந்து 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாட்டில் மாற்றமும் வந்தது. கேலி குறைந்து, குடும்பத்தைப் பிரிந்து விற்கப்படும் மனிதர்களின் துயரம் உள்ளே வந்தது. கென்டக்கி வீட்டைப் பற்றி 1853இல் அவர் வெளியிட்ட பாட்டின் வரைவில், அதற்கு முந்தைய ஆண்டு வெளியாகி நாட்டையே உலுக்கிய நாவலின் நாயகனான டாம் மாமாவின் பெயர் இருந்தது. மின்ஸ்ட்ரல் கூத்தாடிகளை 1848இல் கடுமையாகச் சாடிய ஃபிரெடரிக் டக்ளஸ், அடிமையாக இருந்து தப்பி வந்து விடுதலைக்காகப் போராடியவர். அவரே 1855இல், இத்தகைய பாட்டுகள் அடிமைகள்மேல் இரக்கத்தை எழுப்புகின்றன என்று சொன்னார். இதைக் கொண்டு ஃபாஸ்டரைச் சீர்திருத்தவாதி ஆக்கிவிடவும் முடியாது. 1856 தேர்தலில் ஜேம்ஸ் புக்கானனுக்காகப் பிரசாரப் பாட்டு எழுதியவர் அவர். புக்கானனின் தம்பி ஃபாஸ்டரின் அக்காள் கணவர். குடியரசுத் தலைவரான புக்கானன் அடிமை முறைக்கு அனுசரணையாகவே நடந்துகொண்டார். மாமனார் மெக்டவலோ மார்ட்டின் டெலானி என்ற கறுப்பின இளைஞருக்கு மருத்துவம் கற்றுத் தந்தவர். இரண்டு பக்கமும் உறவு, இரண்டு பக்கமும் பாட்டு. எங்கே நிற்பது என்று அவர் முடிவு செய்ததாகத் தெரியவில்லை.

தொழில் கணக்குக்கு வருகிறேன். பழைய கணக்குப்பிள்ளை அல்லவா, எந்தப் பாட்டு எவ்வளவு தந்தது என்று எழுதி வைத்திருந்தார். வாழ்நாளில் பாட்டால் அவர் சம்பாதித்தது சுமார் 15,000 டாலர். நல்ல ஆண்டுகளில் ஒரு நடுத்தரக் குடும்பம் கௌரவமாக வாழப் போதுமான தொகை. ஆனால் செலவு அதைத் தாண்டிப் போயிற்று. பதிப்பாளரிடம் முன்பணம் வாங்கி வாங்கி, 1857இல் ஒரு முடிவுக்கு வந்தார். அதுவரை எழுதிய பாட்டுகளால் இனி வரக்கூடியது எவ்வளவு என்று தானே கணக்குப் போட்டு, அத்தனை உரிமையையும் 1,900 டாலருக்கும் குறைவாக மொத்தமாக விற்றுவிட்டார். ஸ்வானீ நதியும் கென்டக்கி வீடும் அதில் அடக்கம். விதைநெல்லை விற்றுச் சாப்பிட்டது போல. மூன்று வருடத்தில் மறுபடியும் கடன், மறுபடியும் விற்பனை.

1855இல் தாயும் தந்தையும் ஒரே ஆண்டில் போய்ச் சேர்ந்தார்கள். மனைவியோடு பிரிவும் சேர்வுமாகக் காலம் ஓடியது. 1854இல் அவர் எழுதிய வெளிர்பழுப்புக் கூந்தல் ஜீனி என்ற பாட்டு ஜேனை நினைத்து எழுதியது. 1860இல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். சிறிது காலத்தில் ஜேன் மகளை அழைத்துக்கொண்டு பென்சில்வேனியாவுக்கே திரும்பி, ரயில் நிலையத்தில் தந்தி அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பள வேலை.

நியூயார்க்கில் அவர் தனியாகக் குடியில் மூழ்கினார். ஜார்ஜ் கூப்பர் என்ற இளைஞர் வார்த்தைகள் எழுத, இவர் மெட்டுப் போட்டார். 1863இல் மட்டும் 40க்கும் மேற்பட்ட பாட்டுகள். ஒரு காலத்தில் ஒரு சொல்லுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தவர், காலையில் எழுதி மாலைக்குள் வந்த விலைக்கு விற்றார். உரிமை, பங்கு என்ற பேச்செல்லாம் போயிற்று. அந்தக் காலத்துப் பாட்டுகளில் பல நிற்கவில்லை. கனவு காணும் அழகியைப் பற்றிய ஒரு பாட்டு மட்டும் நின்றது. அது கடையில் விற்பனைக்கு வந்தபோது எழுதியவர் உயிரோடு இல்லை.

1864 ஜனவரியில் தங்கியிருந்த விடுதி அறையில் காய்ச்சலோடு கிடந்தவர் விழுந்து காயம்பட்டார். கூப்பர் வந்து பார்த்து பெல்வியூ மருத்துவமனையில் சேர்த்தார். மூன்று நாள் கழித்து, ஜனவரி 13ஆம் தேதி, இறந்துபோனார். வயது 37. அவருடைய தோல் பர்ஸில் 35 சென்டுக்குப் போர்க்காலக் காகிதக் காசும், மூன்று செப்புக்காசும் இருந்தன. கூடவே ஒரு துண்டுக் காகிதம். நண்பர்களையும் மென்மனம் கொண்டவர்களையும் விளித்து ஐந்தே சொற்கள். எழுதாமல் போன பாட்டின் தொடக்கம் என்று நினைக்கிறார்கள்.

அதற்குப் பிறகு சட்டம் மெதுவாக நடந்து வந்தது. 1879இல் காப்புரிமையைப் புதுப்பித்தபோது ஜேனுக்கும் மேரியனுக்கும் கொஞ்சம் பணம் வந்தது. மேடையில் பாடுவதற்கும் ஆசிரியரின் அனுமதி வேண்டும் என்று 1897இல் சட்டமாயிற்று. 1914இல் பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் கூடி அஸ்காப் என்ற சங்கத்தைத் தொடங்கி, உணவு விடுதி முதல் வானொலி வரை பாட்டுக்குக் கட்டணம் வசூலித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1941இல் அந்தச் சங்கம் கட்டணத்தை உயர்த்தியபோது, வானொலி நிலையங்கள் சங்கத்தின் பாட்டுகளையே ஒலிபரப்பாமல் நிறுத்தின. பதிலுக்கு, காப்புரிமை முடிந்துபோன பழைய பாட்டுகளைப் போட்டன. அந்த வருடம் மக்கள் அலுக்கும்வரை கேட்ட பாட்டு வெளிர்பழுப்புக் கூந்தல் ஜீனிதான். பாட்டெழுதுகிறவனுக்குக் காசு கொடுக்காமல் இருக்க அவர்களுக்குக் கைகொடுத்தது, காசு இல்லாமல் செத்த பாட்டுக்காரனின் பாட்டு.

நம் பக்கத்துக் கதையும் அதிகம் வேறுபட்டதல்ல. படத்துக்காக எழுதிய பாட்டின் முதல் உரிமையாளர் தயாரிப்பாளரே என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விற்றுவிட முடியாத பங்கு உண்டு என்று சட்டம் திருந்தியது 2012இல்தான். அதற்குள் எத்தனை பேர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மகள் நான்காம் வகுப்பில் இருந்தபோதே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு ஃபாஸ்டரின் கல்லறைக்குப் போனேன். அலெகெனி இடுகாட்டில், குடும்பத்தாரின் நடுவே, சாதாரணக் கல். பிறகு ஓக்லாந்து பகுதியில் இருந்த சிலையையும் பார்த்தோம். 1900இல் செய்த வெண்கலச் சிலை. ஃபாஸ்டர் நல்ல கோட்டு அணிந்து நோட்டில் குறிப்பு எடுக்கிறார். அவர் காலடியில் செருப்பில்லாத கறுப்பினக் கிழவர் ஒருவர் பாஞ்சோ வாசிக்கிறார். கீழே இருப்பவர் யார் என்று மகள் கேட்டாள். பாட்டில் வரும் ஆள் என்றேன். அவர் வாசிப்பதைத்தான் இவர் எழுதிக்கொள்கிறார் என்றால் அவருக்குக் காசு கொடுத்தார்களா என்று கேட்டாள். நான் படித்த புத்தகங்கள் எல்லாம் ஃபாஸ்டருக்கு வந்த காசைப் பற்றித்தான் பேசின. இந்தக் கேள்விக்கு அவற்றில் பதில் இல்லை. பாஞ்சோ ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளோடு வந்த வாத்தியம். அதை வாசித்தவர்களின் பெயர்கள் எந்த இசைத்தாளின் மூலையிலும் இல்லை. 2018 ஏப்ரலில் நகரம் அந்தச் சிலையை அகற்றியது. எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கல்லறைக்கு இப்போதும் போகிறேன். ஏமாந்தவர், தானும் அறிந்தோ அறியாமலோ பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டவர், இரண்டுமாக ஒரு மனிதர் இருக்க முடியும் என்று அங்கே நிற்கும்போது ஒப்புக்கொள்ள முடிகிறது.

அது ஒரு வேலையா என்ற கேள்விக்கு என்னிடம் இப்போது ஒரு பதில் இருக்கிறது. வேலைதான். கூலி கொடுக்காதவர்கள்தான் அதை வேலை இல்லை என்று சொல்லிவந்தார்கள். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு நிகழ்ச்சித் தாள் தயாரிக்கும் பொறுப்பு பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. முன்பெல்லாம் பிள்ளைகள் பாடும் பாட்டுக்கு நேரே படத்தின் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் மட்டும் போடுவோம். அந்தக் கல்லறைக்குப் போய்வந்த வருடத்திலிருந்து பாட்டு எழுதியவர் பெயரையும் சேர்த்துப் போடுகிறேன். சில பாட்டுகளுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகிவிடும். இடம் போதாது, எழுத்தைச் சிறிதாக்க வேண்டியிருக்கிறது என்று அச்சடிப்பவர் ஒவ்வொரு வருடமும் குறைப்படுகிறார். சிறிதாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.